பாக்கெட் மீன் பர்கர்: மீன் எவ்வளவு, மீனின் சத்து எவ்வளவு?

ஜூன் பிறந்தால் மும்பையில் மீன் விலை ஏறும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. ஊர்ப் பக்கம், கிழக்குக் கடற்கரையில், இதே 61 நாள் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். அதனால் “அங்கே போட் இறங்கிட்டுது, இங்கே இன்னும் இல்லை” என்ற புலம்பலைத் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வருஷா வருஷம் கேட்கலாம். மீன் இறங்கும் சசூன் டாக்கில் வரத்து சுருங்கும்போது, சுர்மையும் (வஞ்சிரம்) பாங்டாவும் (கானாங்கெளுத்தி) வாங்கிப் பழகிய கைகள் கடையின் உறைபெட்டிப் பக்கம் போகின்றன. மீன் பர்கர், மீன் ஃபிங்கர், மீன் நக்கெட் என்று அங்கே வரிசையாகப் பெட்டிகள். அட்டையில் “புரதம் நிறைந்தது”, “ஒமேகா-3 உள்ளது” என்ற வாசகங்கள். இரண்டைப் பொரித்துப் பாவ் ரொட்டிக்குள் வைத்தால் பிள்ளையின் ஸ்கூல் டப்பா தயார்.

இதை மீன் சாப்பிட்ட கணக்கில் எழுதலாமா என்பதுதான் கேள்வி. புரதக் கணக்கில், அதே எடை மீனில் ஏறக்குறைய பாதி என்று எழுதலாம். மீனைத் தேடித் தின்னும் இன்னொரு காரணத்தில், அதாவது நல்ல கொழுப்பில், பெரும்பாலும் எதுவும் எழுத முடியாது. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் பெயர்

கடையில் “மீன் பர்கர்” என்று விற்பது பெரும்பாலும் முழு பர்கர் கிடையாது. ரொட்டிக்குள் வைக்க வேண்டிய, மேலே ரொட்டித் தூள் பூசிய வட்டத் துண்டு மட்டுமே பெட்டிக்குள் இருக்கும். அதன் ஆங்கிலப் பெயரான patty-யைத் தமிழில் எழுதினால் யாரோ பேட்டி கொடுப்பது போல ஆகிவிடுகிறது. வட இந்தியப் பெயரான டிக்கியை எழுதினால் கார் ஞாபகம் வருகிறது. ஆகவே இங்கே “மீன் வட்டு” என்றே வைத்துக்கொள்வோம். வட்டின் சத்து வேறு, வட்டு வைத்த பர்கரின் சத்து வேறு. அட்டையில் இருக்கும் எண்கள் முன்னதற்கு மட்டும்தான்.

உள்ளே இருப்பது எந்த மீன்?

மீன் மூன்று உருவங்களில் ஒன்றாக உள்ளே வரும். சத்து வித்தியாசத்தின் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

1. ஃபில்லெட்: முள் நீக்கிய முழுச் சதை. இதைக் கட்டியாக உறையவைத்து, அறுத்து, பூச்சுப் போடுவார்கள். கடித்தால் இதழ் இதழாகப் பிரியும். விலை கூடுதல்.

2. அரைத்த சதை: எந்திரத்தில் முள்ளும் தோலும் பிரித்தெடுத்த கூழ். ஃபில்லெட் வெட்டியபின் எலும்போடு ஒட்டி நிற்கும் சதையும் இதில் சேரலாம். வட்டு வடிவம் பிடிக்க இதுதான் வசதி, மலிவும் கூட.

3. சுரிமி: அரைத்த சதையைக் குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, நிறமும் வாடையும் கொழுப்பும் போன பிறகு மிஞ்சும் வெள்ளைப் புரதக் கூழ். இந்தியாவின் மேற்குக் கரையில் சுரிமிக்கு அதிகம் போவது சங்கரா வகை மீன். மும்பைச் சந்தையில் இதை ராணி என்பார்கள். அலசும்போது நீரில் கரையும் புரதங்கள், பி வைட்டமின்கள், தாதுக்கள் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். உறைநிலையில் புரதம் கெட்டியாகி ரப்பர் ஆகாமலிருக்க சர்க்கரையும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். மீன் பண்டத்தின் அட்டையில் “சேர்த்த சர்க்கரை” ஏன் வருகிறது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது.

எந்த இனம் என்பதும் முக்கியம். அதிகம் பயன்படுவது பாசா போன்ற நன்னீர் வளர்ப்பு மீனும், சங்கரா போன்ற வெள்ளைச் சதைக் கடல் மீனும். சுர்மை என்ற நம் வஞ்சிரத்தை அரைத்து வட்டு தட்டினால் அந்த விலைக்கு யாரும் விற்க முடியாது.

மாவும் உப்பும் எண்ணெயும் ஏன்?

ருசிக்காக மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது.

உப்பு: மீன் சதையின் முக்கியப் புரதம் உப்பு நீரில்தான் கரைந்து வெளியே வரும். அப்படி வந்த பசைதான் அரைத்த சதையை ஒட்டவைக்கிறது. உப்பில்லாமல் தட்டிய வட்டு எண்ணெயில் உதிர்ந்துவிடும். வீட்டில் கட்லெட் தட்டுகிறவர்கள் பிசைந்து பிசைந்து இதைக் கையாலேயே அறிவார்கள்.

பாஸ்பேட்: சேர்மானப் பட்டியலில் ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான எண்) 451, 452 என்று தெரிந்தால் அவை பாஸ்பேட் உப்புகள். சதை நீரைப் பிடித்து வைக்கும். வெந்தபின் வறண்டு போகாது. அனுமதித்த அளவில் இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிடித்து வைத்த நீருக்கும் எடை உண்டு, அந்த எடைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். சோடியம் பாஸ்பேட் என்றால் அதுவும் சோடியக் கணக்கில் ஏறும்.

மாவு: முதலில் உலர் மாவுத் தூவல், பிறகு கரைத்த மாவு, கடைசியில் ரொட்டித் தூள் என்று மூன்று அடுக்கு. இது வெளிப்பூச்சு. இது போக, உள்ளே சதையோடு உருளைக்கிழங்கு, ஸ்டார்ச், சோயா புரதம் கலப்பதும் உண்டு. பூச்சு கண்ணுக்குத் தெரியும், கலப்பு தெரியாது.

எண்ணெய்: பூச்சு உதிராமல் இறுக, தொழிற்சாலையிலேயே 180 டிகிரிக்கு மேல் சூடான எண்ணெயில் அரை நிமிடம் போல முக்கி எடுப்பார்கள். வாங்கும்போதே வட்டு பொன்னிறமாக இருப்பது இதனால்தான். மேலே வெந்த நிறம் வந்துவிட்டாலும் உள்ளே பெரும்பாலும் பச்சைதான். இதற்குக் கடைசியில் வருவோம்.

அட்டையைத் திருப்பிப் படிப்பது

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி அட்டை வைத்துக்கொள்வோம். எண்கள் இந்த வகைப் பண்டங்களில் சாதாரணமாக வரக்கூடியவை. எந்த நிறுவனத்துடையதும் அல்ல.

100 கிராமுக்கு: ஆற்றல் 223 கிலோகலோரி, புரதம் 11 கிராம், கார்போஹைட்ரேட் 20 கிராம், கொழுப்பு 11 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 4.5 கிராம், சோடியம் 450 மி.கி. ஒரு வட்டின் எடை 60 கிராம். சேர்மானத்தில் மீன் 52 சதவீதம்.

இப்போது வரிசையாக:

1. சேர்மானப் பட்டியல் எடைப்படி இறங்கு வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் மீன் இருந்தால் அதுவே அதிகம். அவ்வளவுதான் பொருள், அது 70 சதவீதமாகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். பெயரில் தூக்கிப் பிடிக்கும் பொருளின் சதவீதத்தைச் சொல்ல வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிகள் கேட்கின்றன. பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

2. எண் கண்ணில் படவில்லையா? அப்போதும் வழி இருக்கிறது. மீன் சதையில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே அட்டையில் இருக்கும் 20 கிராமும் மீனுடையது இல்லை. மைதாவிலும் ரொட்டித் தூளிலும் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்போஹைட்ரேட் என்று வைத்தால், 100 கிராம் வட்டில் 28 கிராம் போல மாவுச் சாமான் இருக்கிறது. உருளைக்கிழங்கு கலந்திருந்தால் மீனல்லாத பங்கு இன்னும் கூடும், ஏனென்றால் கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர்.

3. அடுத்தது கொழுப்பு. பாசாவிலும் சங்கராவிலும் கொழுப்பு சில சதவீதத்தைத் தாண்டாது. 52 கிராம் மீனுக்கு ஒரு கிராம் கொழுப்பைக் கொடுத்தாலும் மீதி 10 கிராம் வெளியிலிருந்து வந்த எண்ணெய். இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. பட்டியலில் பாமாயில் என்று இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. பாமோலின் என்றால் சற்றுக் குறைவு. 4.5 கிராம் என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. மீனுக்கு அதில் பங்கு மிகச் சிறியது.

4. 28 கிராம் மாவு, 10 கிராம் எண்ணெய். மீதி 62 கிராமுக்குள் மீன், சேர்த்த நீர், உப்பு, மசாலா எல்லாம் அடங்க வேண்டும். மீன் 52 என்று அட்டை சொன்னால் கணக்கு ஒத்துப்போகிறது. 70 என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

5. இனி புரதம். அரைத்த மீனில் 100-க்கு 17 கிராம் என்று வைத்தால் 52 கிராம் மீன் தருவது 9 கிராம் போல. அட்டையில் 11 இருக்கிறது. மீதி இரண்டு கோதுமையும் சோயாவும் போட்டது. ஆய்வகத்தில் வழக்கமாக நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். அந்த முறைக்கு மீன் நைட்ரஜன், சோயா நைட்ரஜன் என்ற பேதம் தெரியாது.

6. கடைசியாக ஒரு குறுக்குக் கணக்கு. புரத கிராமை 4-ஆல் பெருக்கி, மொத்தக் கலோரியால் வகுங்கள். இங்கே 44-ஐ 223-ஆல் வகுத்தால் 20 சதவீதம். கொழுப்புக் குறைந்த வெறும் மீன் துண்டில் இது 80 சதவீதத்துக்கு மேல் போகும். கடையில் நின்றபடி இரண்டு பெட்டிகளை ஒப்பிட இந்த ஒரு எண் போதும். எது கூடுதலோ அதில் மீன் கூடுதல் என்று பெரும்பாலும் நம்பலாம். பட்டியலில் சோயா மேலே வந்திருந்தால் மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு வட்டு 60 கிராம்தானே? அதில் 31 கிராம் மீன். குழம்பில் ஒரு சின்னத் துண்டு, அதுவும் வால் பக்கம்.

“புரதம் நிறைந்தது” என்றால்?

முன்பக்க வாசகங்களுக்குச் சட்டத்தில் அளவுகோல் உண்டு. 2018-ல் வந்த விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி, திட உணவில் 100 கிராமுக்கு ஒரு நாள் தேவையில் 20 சதவீதப் புரதம் இருந்தால் “நிறைந்தது” என்று எழுதலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 65 கிலோ எடையுள்ள ஆணுக்குப் பரிந்துரைப்பது நாளுக்கு 54 கிராம். அதில் 20 சதவீதம் 10.8. நம் மாதிரி வட்டில் 11. வரப்பில் கால் வைத்துத் தாண்டிவிட்டது.

பொய் ஏதும் சொல்லவில்லை. ஆனால் அளவுகோல் 100 கிராமுக்கு, நீங்கள் தின்பது 60 கிராம் வட்டு. அதில் 6.6 கிராம் புரதம். பெரியவரின் தேவையில் எட்டில் ஒரு பங்கு. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும்: 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 23 கிராம் போலப் போதும் என்பதால், அதே 6.6 அங்கே கால் பங்குக்கு மேல். மீன் வாடை என்றாலே மூக்கைப் பிடிக்கும் பிள்ளைக்கு இது ஒன்றுமே இல்லாததற்கு மேல் என்று சொல்லும் அம்மாக்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். சுத்தம் செய்த 100 கிராம் பாங்டாவில், நம் கானாங்கெளுத்தியில்தான், 19 கிராம் போலப் புரதம். அதற்கு ஈடு கட்ட இந்த வட்டு மூன்று வேண்டும். மூன்று வட்டோடு 400 கிலோகலோரியும் 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் 810 மி.கி. சோடியமும் கூடவே வரும்.

ஒமேகா-3 எங்கே போனது?

மீனின் பெயரைச் சொல்லி விற்கும்போது வாங்குகிறவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். இருதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது என்று கேட்ட ஞாபகம்.

ஒமேகா-3 என்பது ஒரு குடும்பப் பெயர். மீனில் இருப்பவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். ஆளி விதையிலும் கடுகு எண்ணெயிலும் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற குட்டை உறுப்பினர். நம் உடம்பு இதை நீண்டதாக மாற்றும், ஆனால் மிகக் கொஞ்சம். மீனும் இவற்றைத் தானாகப் பெரிதாக உண்டாக்குவதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்கின்றன. பாசியைச் சின்ன உயிர்களும், அவற்றைச் சின்ன மீன்களும் தின்று, அப்படியே மேலே ஏறி வருகிறது. அதனால்தான் கடல் மேற்பரப்பில் கூட்டமாகத் திரியும் சாளையிலும் (மும்பையில் தார்லி) கானாங்கெளுத்தியிலும் இது ஏராளம். 100 கிராம் சதையில் பருவத்தைப் பொறுத்து அரை கிராம் முதல் ஒரு கிராமுக்கு மேலும் போகும். தீவனம் போட்டுக் குளத்தில் வளர்த்த பாசாவில் மிகமிகக் குறைவு.

அப்படியானால் சாளையிலேயே வட்டு தட்டலாமே? தொழிற்சாலைக்கு மூன்று தொல்லைகள்.

1. இந்தக் கொழுப்பு அமிலங்கள் காற்று பட்டால் வேகமாகக் கெடும். உறைபெட்டிக்குள்ளும் இது நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். மாதக் கணக்கில் அலமாரியில் இருக்க வேண்டிய பண்டத்தில் காறல் வாடை ஏறிவிடும்.

2. சதை கறுப்பு. நுகர்வோர் கேட்பது வெள்ளை.

3. கொழுப்பு கூடினால் அரைத்த சதை சரியாக ஒட்டாது. சுரிமிக்காக அலசுவதன் நோக்கங்களில் ஒன்றே கொழுப்பைப் போக்குவதுதான்.

ஆக, உடம்புக்கு எது நல்லதோ அதுவே உறைபெட்டிக்கு ஆகாது. பாக்கெட் மீன் பண்டங்கள் கொழுப்பற்ற வெள்ளை மீனை நாடுவதற்கு வஞ்சகம் காரணமில்லை, வேதியியல்தான் காரணம். ஆனால் அந்த மீனைப் போட்டுவிட்டு ஒமேகா-3 பெருமையை மட்டும் அட்டையில் ஏற்றினால், அங்கே கேள்வி கேட்கலாம்.

விதி என்ன சொல்கிறது? 100 கிராமுக்கும் 100 கிலோகலோரிக்கும் 40 மி.கி. ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இருந்தால், அல்லது 0.3 கிராம் ஏ.எல்.ஏ. இருந்தால், “ஒமேகா-3 உள்ளது” என்று எழுதலாம். இரண்டாவது வழியைக் கவனியுங்கள். கடுகு எண்ணெயோ சோயா எண்ணெயோ பூச்சில் இருந்தாலே அந்த அளவை எட்ட முடியும். மீனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. உலக அளவில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு நாளுக்கு 250 மி.கி. ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர்த்து. ஆகவே அட்டையில் “ஒமேகா-3” என்று மட்டும் இருந்தால் அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று பிரித்து மி.கி. போட்டிருந்தால் சேர்க்கிறேன்.

பொரிக்கும்போது இன்னொன்று நடக்கிறது. வட்டிலிருந்து நீர் ஆவியாகிப் போன இடத்தில் சட்டி எண்ணெய் புகுகிறது. அது சூரியகாந்தி எண்ணெய் என்றால், தின்னும் கொழுப்பில் பெரும்பங்கு ஒமேகா-6 என்ற வேறு வகை. ஏற்கனவே கொஞ்சமாக இருந்த ஒமேகா-3 அந்தக் கூட்டத்தில் முகம் தெரியாமல் போகிறது.

பர்கராக்கியபின் கணக்கு

அட்டை எண்கள் பெட்டிக்குள் இருக்கும் நிலைக்கு. தட்டில் வரும்போது கூட்டிக்கொள்ள வேண்டியவை இவை, எல்லாம் தோராயம்:

வட்டு ஒன்று: 134 கிலோகலோரி, சோடியம் 270 மி.கி.
பொரிக்கும்போது குடித்த எண்ணெய் ஒரு டீஸ்பூன்: 45 கிலோகலோரி.
60 கிராம் பன்: 160 கிலோகலோரி, சோடியம் 280 மி.கி.
ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ்: 100 கிலோகலோரி, சோடியம் 95 மி.கி.
சீஸ் ஸ்லைஸ் ஒன்று: 60 கிலோகலோரி, சோடியம் 270 மி.கி.

மொத்தம் 500 கிலோகலோரிக்கு ஒன்று குறைவு. சோடியம் 915 மி.கி. பெரியவருக்கு நாளுக்கு 2000 மி.கி. சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, மேல் வரம்பு. ஒரே பர்கரில் 46 சதவீதம் தீர்ந்துவிட்டது. அதில் வட்டின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பதையும் பாருங்கள். மீன் வட்டைத் திட்டுவதற்கு முன் சீஸ் ஸ்லைஸைத் தூக்கிப் போடலாம். வட்டில் உள்ள அதே அளவு சோடியம் அந்த மெல்லிய மஞ்சள் ஏட்டில் இருக்கிறது.

சோடியத்தை உப்பாக மாற்ற 2.5-ஆல் பெருக்குங்கள். 915 மி.கி. என்றால் 2.3 கிராம் உப்பு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. அட்டையில் “நாள் தேவையில் இத்தனை சதவீதம்” என்று இருப்பது 2000 கிலோகலோரி சாப்பிடும் பெரியவரை வைத்துப் போட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது.

இன்னொரு சின்னத் தந்திரம்: “ஒரு பரிமாறல்” எவ்வளவு என்பதை நிறுவனமே எழுதுகிறது. ஒரு வட்டு என்று போட்டிருக்கும். டப்பாவில் எப்போதும் இரண்டு போகும்.

மீதிச் சத்துகள்

மீனில் பி12, அயோடின், செலினியம் உண்டு. இவை வட்டிலும் மீனின் பங்குக்கு ஏற்ப இருக்கும். சுரிமி என்றால் குறையும். அட்டையில் கட்டாயம் இல்லாததால் பெரும்பாலும் எழுதியிருக்காது. நெத்திலியை முள்ளோடு தின்றால் கிடைக்கும் கால்சியத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். டிரான்ஸ் கொழுப்பு பற்றிய பயம் இப்போது பெரும்பாலும் பழைய கதை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதம்தான் உச்சவரம்பு.

“அதீதப் பதப்படுத்தல்” என்ற சொல்லும் அடிக்கடி அடிபடுகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான நோவா என்ற வகைப்பாட்டில் உணவுக்கு நான்கு படிகள். மீன் ஃபிங்கர், நக்கெட் வகையறா நான்காவதில், அதாவது அதீதப் பதப்படுத்தலில், வருகிறது. அதை வைத்து ஒரு வட்டை விஷம் என்பது மிகை. வாரத்தில் ஒரு நாள் என்றால் ஒன்றும் ஆகாது. தினமும் டப்பாவில் போனால், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய சோறும் குழம்பும் காயும் போகவில்லை என்பதே இழப்பு.

காசுக் கணக்கு

300 கிராம் பெட்டி, மீன் 52 சதவீதம் என்றால் உள்ளே 156 கிராம் மீன். விலையை 156-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோ மீன் சதைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரியும். சந்தை விலையோடு ஒப்பிடும்போது ஒரு நேர்மை வேண்டும்: தலை, குடல், முள் போக முழு மீனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். ஆகவே சந்தை விலையை ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ வைத்து ஒப்பிடுங்கள். அப்படி வைத்தாலும் தார்லி ஜெயிக்கும். சுர்மை தடைக்காலத்தில் ஜெயிக்காமல் போகலாம்.

அடுப்பும் உறைபெட்டியும்

உறையவைப்பதால் சத்து போய்விடும் என்ற நம்பிக்கை தவறு. புரதம் அப்படியே இருக்கும், கொழுப்பும் பெரும்பாலும் இருக்கும், நாள்பட்டால்தான் மெதுவாகக் கெடும். இளகும்போது வடியும் நீரோடு கொஞ்சம் வைட்டமின் போவது மட்டும் உண்மை. ஆகவே:

1. இளகவிடாமல் நேரே அடுப்புக்கு எடுங்கள். இளகினால் பூச்சு ஊறி, எண்ணெயும் அதிகம் குடிக்கும்.

2. ஏர் ஃப்ரையரோ ஓவனோ இருந்தால் எண்ணெய் தடவவே தேவையில்லை. தொழிற்சாலையில் குடித்த எண்ணெய் போதும். தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறுதீயில் இருபுறமும் திருப்பினாலும் வரும். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்.

3. பொன்னிறத்தைப் பார்த்து இறக்காதீர்கள். அது வாங்கும்போதே வந்த நிறம். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்: நடுவில் ஆவி பறக்க வேண்டும், சதை கண்ணாடி போலப் பளபளக்காமல் வெள்ளையாக இருக்க வேண்டும்.

4. வாசலுக்கு வரும் பெட்டியை, கொண்டுவந்த பையன் போவதற்குள் குலுக்கிப் பாருங்கள். வட்டுகள் தனித்தனியாகக் கலகலக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாக இருந்தாலோ, உள்ளே பனித்தூள் கட்டியிருந்தாலோ, வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பண்டம் அது. அட்டையில் எந்த எண் இருந்தாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.